ஒப்பந்தச் செய்திகளில் ஆட்களைக் காணோம்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் செய்தித் தொலைக்காட்சிகளிலும் தலைப்பு எழுதுகிற, மொழிபெயர்க்கிற, திருத்துகிற ஆசிரியர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நீலகிரி மாவட்டம் கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பிறந்தது இலங்கையில், நுவரெலியா பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி சிறுவயதில் குடும்பத்தோடு இங்கே அனுப்பப்பட்டேன். குன்னூர், கோத்தகிரி தொடங்கி கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி வரைக்கும் இந்த மாவட்டம் முழுக்க என்னைப் போன்ற குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு சர்வதேச ஒப்பந்தம் மனிதர்களை என்ன செய்யும் என்று புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை.

இரண்டு நாடுகள் ஏதாவது ஒப்பந்தம் செய்துகொண்டால் மறுநாள் உங்கள் தலைப்புகளைப் பார்க்கிறேன். செய்த அரசு உங்களுக்குப் பிடித்ததாக இருந்தால் "வரலாற்றுச் சிறப்புமிக்க ஒப்பந்தம்", "சுமுகத் தீர்வு", "ராஜதந்திர வெற்றி" என்று வருகிறது. பிடிக்காததாக இருந்தால் "சரணாகதி", "துரோகம்", "தாரைவார்ப்பு". தலைப்பைப் படித்தவுடன் நான் சந்தோஷப்பட வேண்டுமா கோபப்பட வேண்டுமா என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் என்னதான் எழுதியிருக்கிறது, அதனால் யாருடைய வாழ்க்கை மாறப்போகிறது, அவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று தேடினால் கடைசிப் பத்தி வரைக்கும் கிடைப்பதில்லை. பாராட்டுகிற சொல்லும் திட்டுகிற சொல்லும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். இரண்டுமே ஆட்களை மறைத்துவிடுகின்றன.

எங்கள் ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1964 அக்டோபர் 30, புது டில்லி. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். சட்ட வடிவில் பார்த்தால் ஒப்பந்தம் என்பது அவ்வளவுதான். ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள். இலங்கையில் வாழும் இந்திய வம்சாவளியினரில் இரண்டு நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்கள் சுமார் 9,75,000 பேர் என்று கணக்கு வைத்தார்கள். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம், எல்லாம் 15 ஆண்டுகளுக்குள் நடக்க வேண்டும் என்று முடிவானது. இலங்கைக்குள் இது 7-க்கு 4 என்ற விகிதமாக மாறியது. நான்கு பேருக்கு அங்கே குடியுரிமை கிடைக்க ஏழு பேர் இந்தியாவின் கணக்கில் சேர வேண்டும். பெற்றோர் ஒரு பட்டியலிலும் கல்யாணமான மகள் இன்னொரு பட்டியலிலும் விழுந்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ.

அந்தச் சமூகம் ஆரம்பத்திலிருந்தே உரிமை இல்லாமல் இருந்த சமூகம் இல்லை. 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டு இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்தவர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அவர்கள். அடுத்த ஆண்டே, 1948-இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பாவோ, அப்பாவழித் தாத்தாவும் அவருடைய அப்பாவுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டச் சொன்னது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் பிறப்புச் சான்றிதழ் எடுத்து வைத்தார்கள்? 1949-இல் ஓட்டுரிமையும் போய்விட்டது. இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து தனியாகப் பிரிந்து தமிழரசுக் கட்சி தொடங்கியதற்கு இந்தச் சட்டம் முக்கியமான காரணம். நேரு இருந்தவரைக்கும், இலங்கைக் குடியுரிமை கிடைக்காதவர்கள் எல்லாம் தானாகவே இந்தியர்கள் ஆகிவிடுவார்கள் என்ற வாதத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1964 மே மாதம் அவர் இறந்தார். ஐந்து மாதத்தில் கடிதங்கள் கைமாறிவிட்டன. தோட்டத் தொழிலாளர்களின் பெரிய சங்கத்துக்குத் தலைவராக இருந்த தொண்டமான் இந்த ஒப்பந்தத்தை எதிர்த்தார். அவர் எதிர்ப்பு எந்தக் கணக்கையும் மாற்றவில்லை.

இதைத்தான் இன்றைக்கும் "நாடற்றோர் பிரச்சினைக்குத் தீர்வு கண்ட ஒப்பந்தம்" என்று எழுதுகிறீர்கள். யாருக்கு யார் பிரச்சினை? சட்டம் போட்டுக் குடியுரிமையைப் பறித்தது பிரச்சினையா, பறிகொடுத்தவர்கள் பிரச்சினையா? "இந்திய வம்சாவளியினர் பிரச்சினை" என்று எழுதும்போது மக்களின் பேரே பிரச்சினையின் பேராகிவிடுகிறது. அப்புறம் அவர்களைக் கப்பலேற்றி அனுப்பினால் பிரச்சினை தீர்ந்த மாதிரித்தான் படிக்கிறவருக்குத் தோன்றும்.

அடுத்தது எங்கள் பேர். "தாயகம் திரும்பியோர்." அரசு ஆவணத்தில் இந்தப் பேர், வருவாய்த் துறைச் சான்றிதழில் இந்தப் பேர். 1969-இல் எங்களுக்காகத் தொடங்கப்பட்ட ரெப்கோ வங்கியின் பேருக்குள்ளும் இதே பொருள்தான் இருக்கிறது; 'ரெப்' என்பது 'ரிபேட்ரியேட்ஸ்' என்பதன் சுருக்கம். கேட்க எவ்வளவு இதமான சொல்! தாய் என்று வருகிறது, வீடு திரும்பின மாதிரி இருக்கிறது. என் அப்பா இலங்கையில் பிறந்தவர், அவருடைய அப்பாவும் இலங்கையில் பிறந்தவர். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் இறங்கிய நாளில்தான் இருவரும் இந்தியாவை முதன்முதலில் பார்த்தார்கள். போகாத ஊருக்கு எப்படித் திரும்புவது?

சொந்த ஊர்ப் பேரை மறக்காமல் வைத்திருந்த பெரியவர்களும் உண்டு. துறையூர், நாமக்கல், புதுக்கோட்டை என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். குலசாமி கோயிலுக்குக் காசு அனுப்பினவர்கள், கடைசிக் காலத்திலாவது ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று விரும்பி வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்தாது. இதற்கு ஆதாரமாக என் குடும்பக் கதையை நம்ப வேண்டாம், விண்ணப்பங்களைப் பாருங்கள். ஒப்பந்தத்தின்படி எந்தக் குடியுரிமை வேண்டும் என்று மக்களிடம் விண்ணப்பம் வாங்கியபோது, இந்தியக் குடியுரிமை கேட்டு எழுதிப் போட்டவர்கள் 5,25,000 என்ற எண்ணிக்கையை எட்டவில்லை. இலங்கைக் குடியுரிமை கேட்டவர்களோ ஒதுக்கியிருந்த 3,00,000-ஐ வெகுவாகத் தாண்டிவிட்டார்கள். மக்கள் தங்கள் விருப்பத்தைப் படிவத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவர்களைத் "திரும்பியோர்" என்று சொல்வது அந்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

பிறகு ஏன் இத்தனை பேர் வந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1970-களின் முதல் பாதியில் தோட்டங்களில் பட்டினி. அரிசியும் மாவும் கிடைக்காமல் ஆட்கள் செத்தார்கள். நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் 1972-இலிருந்து 1975-க்குள் தோட்டங்கள் அரசு கைக்குப் போயின, பல இடங்களில் எங்கள் மக்களுக்கு வேலையும் போனது, இருப்பிடமும் போனது. 1977-இல் கலவரம். கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகத்தின் முன்னால் பாஸ்போர்ட்டுக்காக வரிசையில் நின்றவர்களின் முதுகுக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது. "தாயகப் பாசம்" என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிட முடியாது.

அந்த மக்கள் தாங்களே வைத்த பேர் ஒன்று இருக்கிறது. மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னார் துறைமுகத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ரயிலை அவர்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்றார்கள். கோச்சி என்றால் அங்கே ரயில். வழியனுப்ப வந்தவர்களும் ஏறினவர்களும் செத்த வீட்டில் அழுகிற மாதிரி அழுதார்கள், அதனால் அந்தப் பேர். ஒரே ரயிலுக்கு அரசு ஆவணத்தில் ஒரு பேர், ஏறினவர் வாயில் ஒரு பேர். பத்திரிகை இரண்டையும் பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் முதல் பேர் மட்டுமே நிலைத்தது.

இதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு என்று நினைப்பவர்களுக்காக நீலகிரியில் அந்தச் சொல் இன்றைக்கு என்ன செய்கிறது என்று சொல்கிறேன்.

எங்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பிற்பாடு டான்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. தலைமையகம் குன்னூரில். காட்டு நிலத்தில் தேயிலை வைத்தவர்கள், கவாத்து வெட்டினவர்கள், கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் எங்கள் மக்கள். அட்டைக் கடியிலும் யானைப் பயத்திலும் வேலை செய்து, ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற நிலையிலேயே ஒரு தலைமுறை முடிந்துவிட்டது. "தாயகம் திரும்பிவிட்டார்கள், மறுவாழ்வு கொடுத்தாகிவிட்டது" என்ற இரண்டு வாக்கியங்கள் அதற்கு மேல் யாரையும் எதையும் கேட்க விடவில்லை. இலங்கையில் விட்டுவந்த சேமலாப நிதி (பி.எஃப். பணம்) கைக்கு வராமல் கடிதம் எழுதி எழுதியே ஓய்ந்துபோனவர்களை எனக்குத் தெரியும். வீடு திரும்பியவனுக்கு இழப்பு என்ன இருக்கப்போகிறது என்றுதானே படிப்பவர் நினைப்பார்?

கூடலூர், பந்தலூர் பக்கம் இன்னும் மோசம். ஜன்மம் என்ற பழைய ஜமீன் மாதிரியான நில உரிமையை ஒழிக்க வந்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தீராமல் கிடக்கிற நிலங்களை இங்கே எல்லோரும் "செக்ஷன் 17 நிலம்" என்றுதான் சொல்வோம். மற்ற மாவட்டங்களில் பிழைக்க முடியாமல், பழகின குளிரும் பழகின வேலையும் இருக்கிற மலையைத் தேடி வந்த குடும்பங்கள் அந்த நிலத்தில் குடிசை போட்டன. பட்டா கிடையாது, பல வீடுகளுக்குக் கரண்ட் கிடையாது. அவர்களைப் பற்றிச் செய்தி வந்தால் "ஆக்கிரமிப்பாளர்கள்" என்று வருகிறது. அதே ஆட்கள்தான். ஒப்பந்தம் பற்றிய செய்தியில் தாயகம் திரும்பியோர், நிலம் பற்றிய செய்தியில் ஆக்கிரமிப்பாளர். 2022-இல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசு உத்தரவிட்டபோது வந்த செய்திகளில் 1964 என்ற எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. காடு காக்கப்பட வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தத் தேயிலை அங்கே எப்படி வந்தது, யார் எந்தக் கையெழுத்தால் அங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டார்கள் என்று ஒரு வரி எழுதாமல் அந்தச் செய்தி முழுமை ஆகாது.

இன்னொரு சொல் "அகதி". எங்களையும், 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களையும் ஒன்றாகச் சேர்த்து "இலங்கை அகதிகள்" என்று எழுதிவிடுகிறீர்கள். அகதி என்பது இழிவான சொல் என்று நான் நினைக்கவில்லை. உயிருக்குப் பயந்து ஓடிவருவதில் என்ன இழிவு? ஆனால் சட்டத்தில் வித்தியாசம் பெரியது. நாங்கள் இந்தியக் குடியுரிமையும் இந்திய பாஸ்போர்ட்டும் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். எங்களை அகதி என்று அச்சிட்டால், ஏதாவது ஓர் அலுவலகத்தில் ஏதாவது ஒரு குமாஸ்தா எங்கள் பிள்ளைகளின் குடியுரிமையைச் சந்தேகப்படுகிறார். என் வகுப்பில் இருந்த பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்குப் போய் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

முகாம்களில் இருப்பவர்களுக்கும் இந்தக் குழப்பத்தால் நஷ்டம்தான். அவர்களிலும் மலையக (இலங்கை மலைத் தோட்டப் பகுதி) வம்சாவளியினர் இருக்கிறார்கள். ஒப்பந்தப்படி வர வேண்டியவர்கள் சிலர், 1984-இல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றுபோன பிறகு படகில் வந்து அகதியாகப் பதிவானார்கள். இப்படிப்பட்டவர்கள் சிலர் குடியுரிமை கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். புதிதாக விண்ணப்பம் கொடுக்கும்படியும் மத்திய அரசு அதைப் பரிசீலிக்கும்படியும் 2019-இல் நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கின் உயிரே, வம்சாவளி எது, எந்த ஒப்பந்தத்தின் கீழ் யார் வருகிறார்கள் என்பதில்தான் இருந்தது. எல்லோரும் ஒரே அகதி என்று எழுதுகிற செய்தியைப் படித்தவருக்கு அந்தத் தீர்ப்பு புரியவே புரியாது.

இனி, கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன்.

1974-இல் இந்தியாவும் இலங்கையும் இரண்டு ஒப்பந்தங்கள் செய்தன. ஒன்று ஜூன் மாதம், பாக் நீரிணையில் கடல் எல்லை வகுத்த ஒப்பந்தம். கச்சத்தீவு எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. இதைத் தமிழ்நாட்டில் "தாரைவார்ப்பு" என்ற சொல் இல்லாமல் யாரும் எழுதுவதில்லை. மகளைக் கன்னிகாதானம் செய்து கொடுக்கிறபோது நீர் வார்ப்பதைக் குறிக்கிற சொல், அதனால் கேட்டவுடன் நெஞ்சில் தைக்கிறது. இந்திய அரசு நீதிமன்றத்தில் எடுத்த நிலை, அந்தத் தீவு எல்லை வகுக்கப்படாத தகராறுப் பகுதியில் இருந்தது, எனவே இந்திய நிலம் எதுவும் விட்டுக்கொடுக்கப்படவில்லை என்பது. ராமநாதபுரம் ஜமீன் ஆவணங்களைக் காட்டி அதை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாடு சட்டமன்றம் அந்த ஆண்டே எதிர்த்துத் தீர்மானம் போட்டது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்த மடல் இல்லை. ஆனால் "தாரைவார்ப்பு" என்று தலைப்பில் போட்டுவிட்டால், படிப்பவருக்கு விவாதம் இருப்பதே தெரியாமல் போகிறது. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே பயண ஆவணம் இல்லாமல் தீவுக்குப் போய் வரலாம் என்று ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது என்பதும் தெரியாது. மீனவர்களின் துயரம் எனக்குத் தெரியும், அதைக் குறைத்துப் பேசவில்லை. அவர்களுக்காக வாதாடுகிறவர்களின் கையில் இருக்க வேண்டியது அந்த 5-ஆம் பிரிவும், இரு நாட்டுப் படகுகளுக்கும் ஒருவர் கடலில் மற்றவருக்கு வழிவழியாக இருந்த உரிமைகளைச் சொல்கிற 6-ஆம் பிரிவும்தான் என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லின் சூட்டில் பிரிவுகள் மறந்துபோய்விட்டன.

இன்னொரு ஒப்பந்தம் அதே 1974-இன் ஜனவரியில். இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்தது. 1964-இல் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்த அந்த 1,50,000 பேரை 75,000, 75,000 என்று பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பி மாதிரி சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த ஒப்பந்தத்துக்குத் தமிழில் ஏதாவது சூடான சொல் இருக்கிறதா? நான் தேடிப் பார்த்தேன். இல்லை. ஆள் குடியில்லாத சின்னத் தீவுக்கு நெஞ்சில் தைக்கிற சொல் கிடைத்தது. உயிரும் சதையுமான ஒன்றரை லட்சம் பேருக்கு "உடன்பாடு எட்டப்பட்டது" என்ற உலர்ந்த சொல் கிடைத்தது. தீவுக்காக ஒவ்வொரு தேர்தலிலும் குரல் கேட்கிறது. அந்த 1,50,000 பேரின் பெயரைச் சொல்லி யாரும் ஓட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. மக்கள் எதற்குக் கோபப்பட வேண்டும் என்று தீர்மானிப்பதில் உங்கள் சொல்லுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நான் சூடான சொல்லே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்லின் சூடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. கையெழுத்துப் போட்டவரின் கட்சியைப் பார்த்துச் சூடு ஏற்றுவதும் இறக்குவதும் சரியில்லை.

1987 ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் செய்த ஒப்பந்தத்தின் பேரிலேயே அமைதியும் இயல்பு நிலையும் ஏற்படுத்துவது என்று இருந்தது. அதன்படி இலங்கைக்குப் போன இந்தியப் படைக்கும் அமைதிப்படை என்று பேர். போராளி இயக்கங்கள் எதுவும் அதில் கையெழுத்துப் போட்டவை இல்லை. அக்டோபரில் சண்டை தொடங்கிவிட்டது, 1990 மார்ச்சில்தான் கடைசிச் சிப்பாய் திரும்பினார். இடையில் செத்த பொதுமக்களைப் பற்றி எழுதும்போதும் "அமைதிப்படை" என்றே எழுத வேண்டிய நிலை பத்திரிகைக்கு வந்தது. அரசு வைத்த பேரை அப்படியே எடுத்துக்கொண்டால் இதுதான் நடக்கும். "இந்தியப் படை" என்று எழுதியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

வர்த்தக ஒப்பந்தங்களிலும் இதே கதைதான், ஆனால் அதில் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இந்த மலையிலேயே இருக்கிறார்கள் என்பதால் ஓர் உதாரணத்தோடு நிறுத்துகிறேன். 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000-இல் நடைமுறைக்கு வந்த இந்தியா–இலங்கை ஒப்பந்தத்துக்குத் "தடையற்ற வர்த்தக ஒப்பந்தம்" என்று பேர். அதில் விலக்குப் பட்டியல் இருந்தது. தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரைக்கும்தான் சலுகை வரி என்று வரம்பும் இருந்தது. பச்சைத் தேயிலை விலை விழுந்து சிறு விவசாயிகள் தவித்த காலம் அது. "தடையற்ற" என்ற ஒரு சொல்லை மட்டும் படித்தவர்களுக்கு, சிலோன் டீத்தூள் வெள்ளமாக வந்து இறங்கப்போகிறது என்ற பயம். வரம்பு எவ்வளவு, எந்தத் துறைமுகம், என்ன வரி என்று எழுதியிருந்தால் அந்தப் பயத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும் என்று அவர்களே முடிவு செய்திருப்பார்கள். இந்த மலையில் தேயிலை வளர்க்கிற படகர் சமூகத்து வீட்டுப் பெரியவர்களுக்கு எண்களைப் புரிந்துகொள்ளத் தெரியும். ஃபேக்டரிக்காரர் தரும் சீட்டைத் தினமும் படிக்கிறவர்கள் அவர்கள்.

"கையெழுத்தானது" என்ற சொல்லையும் கொஞ்சம் கவனித்து எழுதுங்கள். 2015 ஜூலையில் ஈரானோடு ஆறு நாடுகள் செய்துகொண்ட அணு ஏற்பாட்டில் யாரும் கையெழுத்தே போடவில்லை. அது ஒரு செயல்திட்டம், அமெரிக்கச் செனட் ஒப்புதல் கொடுத்த உடன்படிக்கை இல்லை. 2018-இல் அமெரிக்க அதிபர் வெளியேறுகிறேன் என்று அறிவித்து வெளியேறுவதை அது எளிதாக்கியது. அதேபோல, முதலீட்டுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் யாரையும் கட்டுப்படுத்தாத ஒரு விருப்பக் குறிப்பு. அதைக் கையெழுத்தான அன்றே "முதலீடு வந்தது" என்று எழுதினால், வராமல் போகும்போது யாரிடம் போய்க் கேட்பது?

நேரமில்லை, தலைப்பில் இடமில்லை, சூடாக எழுதினால்தான் படிக்கிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். இடம் பற்றிச் சொல்கிறேன். "வரலாற்றுச் சிறப்புமிக்க ஒப்பந்தம்" என்று எழுதுகிற இடத்தில் "5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்கும்" என்று எழுதிவிடலாம். இரண்டாவதைப் படித்தவன் உட்கார்ந்து யோசிப்பான். இந்தியா–பாகிஸ்தான், நதிநீர், மீன்பிடி, அகதிகள், போர்நிறுத்தம் என்று எந்த ஒப்பந்தமானாலும் முதல் செய்தியில் அந்த ஆவணத்தின் வினைச்சொல்லையே எழுதுங்கள். ஏற்கிறதா, ஒப்படைக்கிறதா, எல்லை வகுக்கிறதா, அனுமதிக்கிறதா, பேசலாம் என்று மட்டும் சொல்கிறதா? கையெழுத்துப் போட்டவர்களின் பேரை எழுதுகிறீர்கள் இல்லையா, அதற்கடுத்த வரியில் யாரைப் பற்றிய ஒப்பந்தமோ அவர்கள் மேசையில் இருந்தார்களா இல்லையா என்று எழுதுங்கள். "துரோகம்" என்றோ "வெற்றி" என்றோ ஒரு தலைவர் சொன்னால், அவர் சொன்னதாக அவர் பேரோடு போடுங்கள். உங்கள் தலையங்கத்தில் நீங்களே சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. செய்தியில் வேண்டாம்.

எங்களை எப்படி அழைப்பது என்றால், "1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள்" என்று ஒரு தடவை முழுதாக எழுதுங்கள், பிறகு "இலங்கை மலையகத் தமிழர்" என்று சுருக்கிக்கொள்ளுங்கள். இலங்கை என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம். நீலகிரியில் தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் பணியரும் காட்டுநாயக்கரும் எங்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே மலையின் மக்கள். மலையகம் என்று மட்டும் எழுதி அவர்களுடைய பேரை நாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சொல்லை மாற்றுவது நடக்காத காரியம் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் ஒரு அறிவிப்புச் செய்து, "இலங்கை அகதிகள் முகாம்" என்பதை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. உங்கள் பத்திரிகைகளும் அதை ஏற்று எழுதின. அரசு சொன்னால் ஒரே வாரத்தில் மாற்ற முடிகிற சொல்லை, அதற்குரிய மக்கள் கேட்டாலும் மாற்ற முடியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கப்பலேறி வந்த தலைமுறையில் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அக்டோபர் 30 ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. அடுத்த தடவை வரும்போது இரண்டு பிரதமர்களின் பழைய படத்தைப் போட்டு நான்கு பத்தி எழுதுவதற்குப் பதிலாக, உங்கள் செய்தியாளர் ஒருவரை இங்கே அனுப்புங்கள். நெல்லியாளம், சேரங்கோடு, கோத்தகிரி டான்டீ லைன்களில் கண்டி பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிற வீடுகள் இருக்கின்றன. எந்த நாடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தீர்கள், எந்த நாடு கிடைத்தது என்று அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே அச்சிடுங்கள். வழி தெரியாவிட்டால் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் போதும், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
கோத்தகிரி.